17சி படிவத்தைச் சாவடிவாரியாக வெளியிடுங்கள்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஜூன் 25, 2025

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்கள் இருவருக்கும்,

வணக்கம்.

இம்மாதம் 3ஆம் தேதி ஆணையம் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தோம். இனி வாக்குச்சாவடித் தலைமை அலுவலரே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆணையத்தின் ஈசிஐநெட் செயலியில் வாக்குப்பதிவை ஏற்றுவார், வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியை விட்டுக் கிளம்பும் முன்பே கடைசிக் கணக்கையும் ஏற்றிவிடுவார் என்று அதில் உள்ளது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் ஏற்றிய எண்கள் தொகுதிவாரியாகக் கூட்டித்தான் மக்களுக்குக் காட்டப்படும் என்கிறீர்கள். ஒவ்வொரு சாவடியின் எண்ணும் உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. அதை ஏன் அப்படியே காட்டக் கூடாது?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளின் கணக்கைத் தலைமை அலுவலர் எழுதித் தருவதுதான் 17சி படிவம். வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் அதன் முதல் பாகத்தை, சாவடி எண் போட்டு, ஒரு சாவடிகூட விடாமல் இணையத்தில் வெளியிடுங்கள்.

மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு நடந்த 2024 ஏப்ரல் 19 இரவு என்ன நடந்தது என்பது தங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு இரவு 7 மணிக்கு 72.09 சதவீதம் என்றார்கள். நள்ளிரவில் 69.46 ஆனது. அதன்பின் 69.72 என்று நின்றது. மத்திய சென்னைக்கு முதலில் 67 சதவீதத்துக்கு மேல் சொல்லிவிட்டு, கடைசியில் 54க்கும் கீழே வந்தது. செயலியில் எண் ஏற்றிய சில சாவடிகளை வைத்துச் சொன்ன கணக்கு அது என்று விளக்கம் தரப்பட்டது. தேசிய அளவில் நிலைமை இதைவிட மோசம். முதல் கட்டத்துக்கு 66.14, இரண்டாம் கட்டத்துக்கு 66.71 என்ற சதவீதங்கள் ஏப்ரல் 30 அன்றுதான் வந்தன. முதல் கட்டம் முடிந்து 11 நாள். அப்போதும் சதவீதம் மட்டுமே; எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கை இல்லை.

வாக்குகள் இரவோடு இரவாக முளைத்தன என்று நாங்கள் சொல்லவில்லை. மாலைக் கணக்குக்கும் இறுதிக் கணக்குக்கும் இடையே ஏன் வேறுபாடு வரும் என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிக் கையெழுத்திட்ட சீட்டு கொடுக்கப்படும். சில சாவடிகளில் அந்த வரிசை தீர 8 மணி ஆகும். மலைக்கிராமச் சாவடிக் குழு சேகரிப்பு மையத்துக்கு வந்து சேர விடிந்துவிடும். ஆக, எண் கூடுவது இயல்பு. எந்தச் சாவடியில் எவ்வளவு கூடியது என்று காட்டாமல் வைத்திருப்பதுதான் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது.

காட்டுவதற்கான காகிதம் ஏற்கனவே இருக்கிறது. அதை யாரும் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகளின் 49எஸ் விதிப்படி, வாக்குப்பதிவு முடிந்த உடனேயே தலைமை அலுவலர் 17சி முதல் பாகத்தை நிரப்பியாக வேண்டும். சாவடிக்குரிய மொத்த வாக்காளர்கள். வாக்களிக்க வருவோரை எழுதும் 17ஏ பதிவேட்டில் பதிவானவர்கள். பதிவேட்டில் ஏறிய பிறகு 49ஓ விதிப்படி வாக்களிக்க மறுத்தவர்கள். வாக்களிக்கும் முறையை மீறியதால் 49எம் விதிப்படி அனுமதிக்கப்படாதவர்கள். அச்சான சீட்டு தவறு என்று வாக்காளர் புகார் செய்தால் போட்டுப் பார்க்கும், 49எம்ஏ விதிப்படி கழிக்க வேண்டிய சோதனை வாக்குகள். இயந்திரம் காட்டும் மொத்தம். பதிவேட்டுக் கணக்கில் கழிக்க வேண்டியதைக் கழித்தால் இயந்திரத்தின் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் வேறுபாடு எவ்வளவு என்று அங்கேயே எழுத வேண்டும். வாக்குகள் பதிவாகும் கட்டுப்பாட்டுக் கருவியின் எண், காகித முத்திரைக் கணக்கு எல்லாம் அதே படிவத்தில் உண்டு. வாக்காளர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை அதிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வேட்பாளர்களின் முகவர்களுக்குத்தான் பிரதி கொடுக்கிறோமே என்பது ஆணையம் எப்போதும் சொல்லும் பதில். அந்தப் பிரதி படும் பாட்டைத் தயவுசெய்து கேளுங்கள்.

விதி சொல்வது, முடிவு நேரத்தில் சாவடியில் இருக்கும் முகவருக்குச் சான்றொப்பமிட்ட பிரதி, ரசீது வாங்கிக்கொண்டு தரப்பட வேண்டும் என்பது. 2024இல் தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். 39 தொகுதிகளில் 950 வேட்பாளர்கள். ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 1,700 சாவடிகளுக்கு மேல் வருகிறது. இரண்டு மூன்று பெரிய கட்சிகளைத் தவிர வேறு யாரால் 1,700 பேரை அதிகாலை 5.30 மணி மாதிரி வாக்குப்பதிவிலிருந்து இரவு முத்திரை வைக்கும்வரை உட்கார வைக்க முடியும்? சுயேச்சைக்கும் சிறிய கட்சிக்கும் பெரும்பாலான சாவடிகளில் ஆளே கிடையாது. ஆள் இல்லாதவருக்குப் பிரதியும் இல்லை.

ஆள் இருக்கிற இடத்திலும் என்ன நடக்கிறது? நாள் முழுக்க உழைத்துக் களைத்த தலைமை அலுவலர் அந்த நேரத்தில் இயந்திரத்தை மூட வேண்டும், பெட்டிகளுக்கு முத்திரை வைக்க வேண்டும், நாட்குறிப்பை முடிக்க வேண்டும், உறைகளைப் பிரித்து ஒட்ட வேண்டும். வெளியே மண்டல அலுவலரின் வண்டி காத்திருக்கும். இதற்கு நடுவில் நான்கைந்து பிரதிகளைக் கையால் எழுத வேண்டும். கார்பன் தாள் வைத்து எழுதினால் மூன்றாவது பிரதியில் 3ஆ 8ஆ என்று தெரியாது. கருவி எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறிவிடும். பாதி நாளில் கருவி பழுதாகி மாற்றப்பட்டிருந்தால் இரண்டு கருவிகளின் எண்களும் இரண்டு மொத்தங்களும் தனித்தனியே வர வேண்டும். பதற்றத்தில் இரண்டாவது கருவியின் கணக்கு மட்டும் எழுதப்பட்ட படிவங்கள் உண்டு. ரசீதில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பிரதியை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அலுவலர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் தலையில் ஏற்றியிருக்கும் சுமை அப்படி.

இதன் விளைவு எண்ணும் மேசையில்தான் தெரியும். ஒரு சட்டமன்றப் பகுதிக்கு வழக்கமாக 14 மேசைகள். கட்டுப்பாட்டுக் கருவி மேசைக்கு வந்ததும் முகவர் பார்க்க வேண்டியவை மூன்று: கருவி எண் 17சியில் உள்ளதுதானா, முத்திரை எண் பொருந்துகிறதா, மொத்த வாக்கு அதேதானா. பிரதி கையில் இல்லாதவருக்கு, அலுவலர் காட்டும் படிவத்தைச் சில விநாடி எட்டிப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை. அடுத்த சுற்றுக்கான கருவி வந்துவிடும். அவர் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சொன்ன எண்ணை எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான். வேட்பாளரின் முகவருக்கே இதுதான் நிலை என்றால், வாக்களித்த குடிமகனுக்கு எந்த வழியும் இல்லை.

இதில் எங்களுக்கு மிகவும் வருத்தமளிப்பது ஒன்று உண்டு. எண்ணி முடித்த பிறகு, எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பதைக் காட்டும் படிவம் 20ஐத் தலைமைத் தேர்தல் அதிகாரிகள் இணையத்தில் வெளியிடுகிறார்கள். அதாவது, எண்ணப்பட்டது சாவடிவாரியாக வெளியில் இருக்கிறது. பதிவானது சாவடிவாரியாக உள்ளே பூட்டிக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தானே கணக்கு சரிபார்க்க முடியும்? எண்ணப்பட்டதில் இல்லாத ஆபத்து பதிவானதில் மட்டும் எங்கிருந்து வந்தது?

தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பு 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 362 தொகுதிகளில் பதிவானதைவிட 5,54,598 வாக்குகள் குறைவாகவும், 176 தொகுதிகளில் 35,093 வாக்குகள் கூடுதலாகவும் எண்ணப்பட்டுள்ளன. இதில் பெரும்பகுதிக்கு நேர்மையான காரணம் இருக்கலாம் என்றே நினைக்கிறோம். காலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, முடிவைக் காட்டி, பிறகு அழித்துவிட வேண்டும். கூட்டம் வாசலில் நிற்கும் அவசரத்தில் அழிக்க மறந்தால், மாலையில் இயந்திரத்தின் மொத்தம் பதிவேட்டைவிட 50 கூடுதலாக இருக்கும். அப்படிப்பட்ட கருவி எண்ணும்போது ஒதுக்கி வைக்கப்படும். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள வாக்குகளைவிட அதிகமாக இருந்தால் அது எண்ணப்படாமலே போகலாம். சரி, அது எந்தச் சாவடி? ஒதுக்கப்பட்டதில் எத்தனை பேரின் வாக்கு இருந்தது? 17சி வெளியில் இருந்தால் ஒரு பள்ளி மாணவர்கூட ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். இல்லாததால் ஐந்தரை லட்சம் வாக்குகளைச் சுற்றி வதந்தி சுற்றுகிறது.

சிறிய எண்தானே என்று தள்ளிவிட முடியாது. மும்பை வடமேற்குத் தொகுதியின் முடிவு 48 வாக்கு வித்தியாசத்தில் வந்தது. ஒரே ஒரு சாவடியின் மாதிரி வாக்குப்பதிவைவிடக் குறைவு. கேரளத்தின் ஆற்றிங்கலில் 684. நம் விருதுநகரில் 4,379. நான்கைந்து சாவடிகளின் வாக்காளர் எண்ணிக்கைதான் அது. இத்தொகுதிகளில் தவறு நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு படிவத்தின் கணக்கு எவ்வளவு கனமானது என்பதற்காகச் சொல்கிறோம். 272 தேவைப்படும் அவையில் தனிப்பெரும் கட்சிக்கு 240 இடங்கள், கூட்டணிக்கு 293 என்ற நிலையில் அமைந்த அரசு இது. ஒவ்வொரு இடமும் எண்ணப்படும் அவையில் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் திறந்து கிடக்க வேண்டாமா?

காலக்கணக்கையும் பாருங்கள். 2024 ஜூன் 4 அன்று முடிவு. ஜூன் 6 அன்று வெற்றி பெற்றோர் பட்டியலை ஆணையம் குடியரசுத் தலைவரிடம் அளித்தது. ஜூன் 9 அன்று அமைச்சரவை பதவியேற்றது. முடிவை எதிர்த்துத் தேர்தல் மனு போட 45 நாள். அது ஜூலை 19இல் முடிந்தது. ஆணையத்தின் முழுமையான புள்ளிவிவர அறிக்கைகள் வந்ததோ டிசம்பர் 26 அன்று. வழக்குப் போட வேண்டிய நாளில் ஆதாரம் இல்லை. ஆதாரம் வந்த நாளில் வழக்குப் போட வழியில்லை. அதற்கு ஆறு நாள் முன்பு, டிசம்பர் 20 அன்று, அதே தேர்தல் நடத்தும் விதிகளின் 93ஆம் விதியும் திருத்தப்பட்டது. விதிகளில் குறிப்பிட்ட ஆவணங்களை மட்டுமே மக்கள் பார்வையிடலாம் என்று சுருக்கப்பட்டு, மின்னணுப் பதிவுகள் கைக்கெட்டாமல் போயின. ஒரு கதவைத் திறக்கக் கேட்டால் இன்னொரு கதவு சாத்தப்படுகிறது. இதை எழுதும்போது வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் எங்கள் வேண்டுகோளுக்கே திரும்புகிறோம்.

17சியை வெளியிடக் கோரிய வழக்கில், 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் இரண்டு மறுப்புகளைச் சொன்னது. 17சியை எல்லோருக்கும் வெளியிடச் சட்டத்தில் இடம் இல்லை என்பது ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சதவீதம் வெளியிடவும்தான் சட்டம் சொல்லவில்லை. மக்களின் வசதிக்காக ஆணையமே விரும்பிச் செய்கிறது. அதே விருப்பத்தோடு இதையும் செய்யலாம். படங்களைத் திரித்துவிடுவார்கள் என்பது இரண்டாவது. அசல் ஆணையத்தின் தளத்தில் இருந்தால் போலியை ஒரே நிமிடத்தில் பிடித்துவிடலாம். அசல் எங்கும் இல்லாதபோதுதான் போலி ஓடும். மே 24 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. மறுநாளே முதல் ஐந்து கட்டங்களுக்கும் தொகுதிவாரி வாக்கு எண்ணிக்கையை ஆணையம் தானாக வெளியிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதை அன்று பார்த்தோம். இந்த மார்ச் 18 அன்று, கோரிக்கையாளர்களைச் சந்தித்துப் பேசத் தயார் என்று ஆணையமே நீதிமன்றத்தில் கூறியிருக்கிறது. அந்தச் சொல்லை நம்பித்தான் எழுதுகிறோம்.

செய்வது கடினமும் அல்ல. சாவடிக் குழுக்கள் இயந்திரங்களை ஒப்படைக்கும் சேகரிப்பு மையத்தில் படிவத்தைச் சரிபார்த்து வாங்க ஏற்கனவே மேசைகள் உண்டு. அங்கே ஒரு ஸ்கேனர் வையுங்கள். 17சி ஒரு சில பக்கம்தான். முத்திரை எண்களும் கையெழுத்துகளும் கவலை தந்தால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டு வெளியிடுங்கள், எண்கள் போதும். செயலியில் ஏறிய எண்ணையும் ஸ்கேன் செய்த படிவத்தையும் ஒரே வரிசையில், சாவடி எண்ணோடு, தரவிறக்கிக் கூட்டிப் பார்க்கும் கோப்பாகத் தாருங்கள். படிவத்தில் பிழை இருந்து திருத்தினால், பழைய எண், புதிய எண், திருத்திய நேரம், காரணம் நான்கும் தெரியட்டும். மறுவாக்குப்பதிவு நடந்த சாவடிகளுக்குத் தனிக்குறி போடுங்கள். தபால் வாக்குகள் 17சியில் வராது என்பதைப் பக்கத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள்; பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். எண்ணிக்கை அன்று இரவு, எண்ணப்பட்ட வாக்குகளை எழுதும் இரண்டாம் பாகத்தையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டால், பதிவானதும் எண்ணப்பட்டதும் ஒரே இடத்தில் நிற்கும்.

பீகார் சட்டமன்றத் தேர்தல் சில மாதங்களில் வரவிருக்கிறது. ஈசிஐநெட் ஏற்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சாவடிவாரி வெளியீட்டையும் அங்கேயே தொடங்குங்கள். அதில் வரும் சிக்கல்களைத் திருத்திக்கொண்டு 2026இல் தமிழ்நாட்டிலும், 2029 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதிலும் நடைமுறைப்படுத்தலாம்.

48 மணி நேரத்துக்குள் 17சி முதல் பாகம், எல்லாச் சாவடிகளுக்கும், இணையத்தில். பணிவோடு கேட்கிறோம். செய்ய இயலாது என்பது ஆணையத்தின் முடிவானால், எந்தக் காரணத்தால் இயலாது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடிகளிலும் எண்ணும் மேசைகளிலும் பணியாற்றியவர்கள்
தமிழ்நாடு