பூதத்தை அழைத்தது யார், பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாலிடெக்னிக் போகிற பெண்ணை இப்படிக் கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பொதுவில் எழுதுங்கள் அத்தை, என் பெயரை மட்டும் போடாதீர்கள் என்று நீதான் சொன்னாய்.

உன் கதையை நேற்று ராத்திரி ரயிலில் படித்தேன். முடித்துவிட்டு வீட்டுக்கு ஏறாமல் எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கருங்கல் நகரம், ஒன்பது பூசாரிகள், யாரும் ஓதக் கூடாது என்று கல்லில் வெட்டி மண்ணுக்குள் மறைத்த மந்திரம். அமாவாசையில் அதை ஓதியதும் நெருப்பு உருவம் ஒன்று குளத்திலிருந்து எழுகிறது. விடிவதற்குள் ஊரே சாம்பல். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் மீன்கள் படித்துறையில் ஏறத் துடிக்கின்றன என்று எழுதினாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் அந்த மந்திரத்தைத் தடை செய்தது யார்? எதற்காக? அது உன் கதையில் இல்லை. "ஆதிகாலத் தடை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாய்.

தடை என்ற சொல்லுக்கு நீ ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் சிங்கப்பூரில் இருக்கும் ஃபோர்ட் கேனிங் குன்றின் பழைய மலாய்ப் பெயர் புக்கிட் லாராங்கான், அதாவது தடை செய்யப்பட்ட குன்று. 1819-ல் ஆங்கிலேயர் வந்தபோது ஊர்க்காரர்கள் யாரும் மேலே ஏறத் துணியவில்லை. நூற்றுக்கணக்கான ஆட்கள் இரைவது போலச் சத்தம் வரும், சில சமயம் மேளச் சத்தமும் கேட்கும் என்று அவர்கள் பயந்ததை அந்தக் கால மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதி வைத்திருக்கிறார். பழைய ராஜாக்களின் அரண்மனை அங்கே இருந்தது, ராஜாவின் அனுமதி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. தடை பிறந்தது அப்படித்தான். பேய் அப்புறம் வந்து குடியேறியது.

அந்த ராஜாக்கள் ஆண்ட பழைய சிங்கப்பூரா எப்படி விழுந்தது என்று செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூல் ஒரு கதை சொல்கிறது. ராஜாவின் ஆசைநாயகிகளில் ஒருத்தி, பொக்கிஷ அதிகாரி சாங் ரஞ்சுனா தாப்பாவின் மகள். பொறாமைப்பட்டவர்கள் அவள் மேல் அவதூறு சொன்னார்கள். ராஜா ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. சந்தையில் எல்லோர் கண்ணெதிரே கழுவேற்றச் சொல்லிவிட்டான். பெற்ற வயிறு பற்றி எரிந்த அப்பன் ஜாவாவின் மஜபாஹிட் பேரரசுக்கு ஓலை அனுப்பினான். படை வந்தது. கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவனும் அவனே. ரத்தம் ஆறாக ஓடியது. பிறகு அவன் களஞ்சியத்து அரிசி மண்ணாகிப் போனது, அவனும் மனைவியும் கல்லாகிப் போனார்கள் என்று கதை முடிகிறது.

அதற்கு முன்னால் இன்னொரு ராஜாவின் காலத்தில் ஈட்டிமூக்கு மீன்கள் கரையைத் தாக்கின. ஜனங்களின் கால்களையே வேலியாக நிறுத்தச் சொன்னான் அந்த ராஜா. வாழைத்தண்டை நட்டால் மீனின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளுமே என்று ஒரு சின்னப் பையன் வழி சொன்னான். ஊர் பிழைத்தது. இவ்வளவு புத்திசாலி வளர்ந்தால் ஆபத்து என்று அந்தப் பையனையே கொன்றுவிட்டார்கள். அவன் ரத்தப்பழி நாட்டின் மேல் விழுந்தது என்கிறது கதை.

நம் கண்ணகியும் இப்படித்தான். தாத்தா உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! பாண்டியன் அவையில் அவனை அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று நினைவிருக்கிறதா? "தேரா மன்னா." ஆராய்ந்து பார்க்காத அரசனே என்றாள். கொலைகாரா என்று சொல்லவில்லை. பொற்கொல்லன் பேச்சை நம்பி, சிலம்பைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றாமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன் அவன். உள்ளே இருந்தது மாணிக்கமா முத்தா என்று முன்னாடியே பார்த்திருந்தால் மதுரை இருந்திருக்கும்.

அப்புறம் அவள் நெருப்பை அழைக்கிறாள். வந்த அக்கினி என்ன சொல்கிறான் பார்: உனக்குப் பெரும்பிழை நடக்கும் நாளில் இந்த ஊரை எரிக்க எனக்கு முன்பே கட்டளை இருக்கிறது, இங்கே யாரை விட்டுவைக்கட்டும் என்று கேட்கிறான். கண்ணகியும் அந்தக் கோபத்தில் நின்று பதில் சொல்கிறாள். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள், இவர்களை விட்டுவிடு என்கிறாள். உன் நெருப்பு யாரையும் எதுவும் கேட்பதில்லை, பாப்பா. மீனுக்கு ஒரு வரி கொடுத்த நீ, படித்துறைக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பாய். தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு படித்தபோது ஒரு பிள்ளையின் காசுப்பை காணாமல் போனது. என் மேசை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்காமல் எல்லோர் முன்னாலும் என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மதியம் வரை வெளியே நிற்க வைத்தார்கள். காசுப்பை பிறகு கேன்டீனில் கிடைத்தது. யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. அன்று எனக்கு ஒரு மந்திரம் தெரிந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடமே இருந்திருக்காது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வந்த கோபம் அது. உன் பூசாரிகள் ஒன்பது பேரிடமும் அதில் பாதிகூட இல்லை. அதிகாரம் வேண்டும் என்று ஓதுகிறார்கள், அதனால் அந்த அழைப்பில் உயிர் இல்லை.

ஆனால் உயிர் உள்ள ஒருத்தியை நீயே எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் வந்து போகிறாள். கோயில் விளக்கைத் திருடினாள் என்று கையை வெட்டி, ஊருக்கு வெளியே துரத்தப்பட்ட குயவர் வீட்டுப் பெண். விளக்கை உண்மையில் யார் எடுத்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? எழுதுகிற உனக்கே தெரியவில்லை என்றால் அந்தப் பூசாரிகள் மட்டும் எப்படி விசாரித்திருப்பார்கள்? மந்திரம் அவள் வாயில் இருக்கட்டும். குளக்கரையில் அவள் நிற்கட்டும். நெருப்பு அவளிடம் கேட்கட்டும், யாரை விடுவது என்று. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணகி மாதிரிச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. அவள் அம்மா இன்னும் அந்த ஊருக்குள்தானே இருக்கிறாள்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபோர்ட் கேனிங் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. குன்றின் மேல் தோண்டிப் பார்த்த இடத்தைக் காட்டுகிறேன். 1984-ல் தொடங்கிய அகழாய்வில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகளும் கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. யாரோ ஒரு பெண் கழுத்தில் போட்டிருந்த மணியாகக்கூட இருக்கலாம். இறங்கி வந்து தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல் என்ற பழைய கல்வெட்டையும் பார்ப்போம். 1843-ல் ஆற்று முகத்துவாரத்தில் வெடி வைத்து உடைத்தார்களே, அதில் மிஞ்சிய துண்டு. அதன் எழுத்தை இன்னும் யாரும் படித்து முடிக்கவில்லை. உன் மந்திரக் கல்லுக்கு உதவும்.

நோட்டுப் புத்தகம் கொண்டு வா. அந்தக் குயவர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பெயரும் யோசித்து வா.

அன்புடன்,
அத்தை