வலிப்பும் நினைவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளை ஆய்வாளர் பிரெண்டா மில்னரைப் பற்றிய கட்டுரை படித்தேன். மான்ட்ரியலில் வலிப்பு நோயாளிகளோடு தொடங்கியது அவரது ஆய்வு. ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்கு வலிப்புக்காக 1953-இல் மூளையில் அறுவை நடந்தது. அதன்பின் புதிதாக எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைய அவரிடம் சொன்னார் மில்னர். மூன்றாம் நாள் கை பிசகாமல் வரைந்தது. முன்பு வரைந்ததே மொலைசனுக்கு நினைவில்லை. கைப்பழக்கம் மூளையில் வேறிடத்தில் தங்குகிறது என்று உலகம் அறிந்தது இப்படித்தான்.

என் தம்பிக்கும் வலிப்பு உண்டு. கடலுக்கு அனுப்புவதில்லை, தங்கச்சிமடம் கரையில் வலை பொத்துகிறான். வலிப்பு தெளிந்ததும் சற்றுநேரம் என்னையே அடையாளம் தெரியாது, விரல்கள் மட்டும் வலை ஊசியைத் தேடும். வலிப்பு வரும் வேளையில் ஓடிவருபவர்கள் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் கரண்டியைச் செருகுவதும் என் வயிற்றைக் கலக்குகிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். முறையான சிகிச்சையில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மந்திரித்த கயிற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்த முதலுதவியைப் படத்தோடு வெளியிடுங்கள். எங்கள் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தங்கச்சிமடம்