வரம் எது என்று கேட்ட மகளுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய வினாத்தாளை அப்பாவும் நானும் பார்த்தோம். நூறு கேள்விக்கு மேல் இருக்கும் போலிருக்கிறதே! ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால், சபைக்கு உதவப் பரிசுத்த ஆவி உனக்குத் தந்திருக்கிற ஆவிக்குரிய வரம் எது என்று தெரிந்துவிடுமாம். பக்கத்தில் இருந்தவளுக்குத் தீர்க்கதரிசனம் வந்தது, எனக்கு வெறும் 'உதவி', அதுவும் சுமாரான மார்க் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். ஜெபக்குழுவில் ஆவியின் ஏவுதலால் வரும் அந்நியபாஷை (கற்காத, புரியாத மொழி) பேசாதவள் நீ ஒருத்திதான் என்றும் எழுதியிருக்கிறாய்.

பாஷை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தின் கடைசியில் பவுல் வரிசையாகக் கேட்கிறார்: எல்லாரும் அப்போஸ்தலரா, எல்லாரும் போதகரா, எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா? 'இல்லை' என்பதுதான் பதில் என்று தெரிந்தே கேட்கிறார். 14ஆம் அதிகாரத்தில், பேசுகிறவர்களைத் தடுக்காதீர்கள் என்கிறார். ஆனால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் என்று கண்டிப்பும் வைக்கிறார். பேசுகிறவர்களைக் குறை சொல்லாதே. பேசவில்லையே என்று நீயும் குறுகிப்போகாதே. அவ்வளவுதான்.

'வெறும் உதவி' என்றாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அதே 12ஆம் அதிகாரத்தில் பவுல் போடும் பட்டியலில் குணமாக்கும் வரத்தை அடுத்து ஊழியங்களும், அதாவது உதவி செய்வதும், ஆளுகைகளும் வருகின்றன. ரோமர் 12இல் கொடுப்பதும் இரக்கம் செய்வதும் வரம். இரக்கத்தை உற்சாகத்தோடு செய் என்று வேறு சொல்லியிருக்கிறது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு செய்கிற உதவி எவ்வளவு கசக்கும் என்று பவுலுக்கும் தெரிந்திருக்கிறது!

நம்மூர்க் கோயிலில் எல்லாருக்கும் போடும் அசன விருந்தை நினைத்துப் பார். கோயில் பின்னால் அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் கொதிக்கும். எல்லாரும் முதல் பந்திக்கு முண்டும்போது, சபை ஊழியரான உபதேசியார் வீட்டுப் பாட்டி மட்டும் தூக்குவாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவுக்கு ஒன்று, பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகாதவளுக்கு ஒன்று, சபையோடு கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிற வீட்டுக்கும் ஒன்று. யாரும் அவர்களுக்கு லிஸ்ட் கொடுத்ததில்லை, எந்தக் கமிட்டியிலும் அவர்கள் பெயர் இல்லை. உன் வினாத்தாளை நீட்டினால், குழம்பு சிந்தாமல் இருக்க வாளி மூடிக்கு அடியில் மடித்து வைத்துவிடுவார்கள்.

தனியாக உட்கார்ந்து உனக்குள்ளேயே தேடினால் வரம் அகப்படாது. அது சபைக்காகக் கொடுக்கப்பட்டது, சபைக்குள் வேலை செய்யும்போதுதான் தெரியவரும். பவுலின் இளம் உடன்ஊழியன் தீமோத்தேயுவின் வரத்தைப் பற்றிச் சொல்கிற இடத்திலும் மூப்பர்கள் கைவைத்ததையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. ஆகவே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் ஒன்றிரண்டு பேரிடம் கேள். முகத்துக்காகப் பேசாதவர்களாகப் பார்த்துக் கேள். பாட்டு உன் வரமில்லை என்பது உனக்கும் தெரியும், நம் பாடகர் குழுவுக்கு நன்றாகவே தெரியும்.

எனக்குப் பட்டதையும் சொல்கிறேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் ஒரே புலம்பல்: பிஜி விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண்கள் புதிதாக வருகிறார்கள், பின்வரிசையில் உட்காருகிறார்கள், ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து போய்விடுகிறார்கள், ஒருத்தரும் பெயர்கூடக் கேட்பதில்லை என்று. அத்தனை பேர் வந்துபோகிற சபையில் இது உன் கண்ணில் மட்டும் ஏன் உறுத்துகிறது? நேற்றுவரை சபையைத் துன்பப்படுத்திய சவுல், அதாவது நம் பவுல், எருசலேமுக்கு வந்தபோது, சீஷர்கள் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா என்ற விசுவாசிதான் அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போய் அவருக்காகப் பேசினார். பிற்பாடு தர்சு பட்டணத்துக்கே தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வந்ததும் அவர்தான். ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுப்போன மாற்கையும் அவர் கைவிடவில்லை. அந்த மாதிரி ஏதோ ஒன்று உன்னிடம் இருக்கிறது என்று அப்பாவும் சொல்கிறார்கள்.

அதற்காக, நாற்காலி அடுக்கக் கூப்பிட்டால் 'அது என் வரமில்லை' என்று நழுவிவிடாதே. அப்படிச் சொல்லியே காலம் தள்ளுகிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் பின்வரிசையில் உட்கார். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருக்கிறவளிடம் பெயரையும் ஊரையும் கேள். நாலைந்து வாரம் இப்படிச் செய்துவிட்டு, அப்புறம் உங்கள் ஆயரிடம் போய்ப் பேசு; வெறுங்கையோடு யோசனை மட்டும் கொண்டுபோகாதே.

முறுக்கும் உடன்குடி கருப்பட்டியும் பார்சலில் போட்டிருக்கிறேன். முறுக்கு இந்தத் தடவை கூடுதலாகவே இருக்கும். யாரையாவது அறைக்குக் கூப்பிட்டால் கொடுக்க ஆகும்.

ஜெபத்துடன்,
அம்மா