நாகோட் வெற்றியும் கிராவெலோட் பள்ளத்தாக்கும்

அன்புள்ள மகளுக்கு,

பிரான்சில் மெட்ஸ் அருகே கிராவெலோட்டுக்குப் போய் வந்ததாக எழுதி, அங்கே 1870இல் பிரெஞ்சுக்காரரோடு நடந்த போரில் ஸ்டைன்மெட்ஸ் என்ற பிரஷ்யத் தளபதி மேல் ஏன் இத்தனை பழி என்று கேட்டிருந்தாய்.

1796இல் ஜெர்மனியின் ஐசனாக்கில் பிறந்தவர், நெப்போலியனை எதிர்த்து 1813இல் பிரஷ்யா எழுந்தபோது 16 வயதில் களம் புகுந்தார். பிறகு அரை நூற்றாண்டு பெரும்பாலும் பாசறைக் கண்டிப்பிலேயே கழிந்தது. பெயர் ஊரறிந்தபோது வயது 69. பிரஷ்யா ஆஸ்திரியாவோடு பொருதிய 1866இல், ஜூன் 27 அன்று, பொகீமிய மலைவழியிலிருந்து ஒற்றைச் சாலையில் இறங்கிவந்த தம் 5ஆவது படையணியுடன், எதிர்த்து வந்த ஆஸ்திரியரை நாகோடில் முறியடித்தார். மறுநாள் ஸ்காலிட்ஸ், அதற்கு மறுநாள் ஷ்வைன்ஷேடல். குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்க ஆஸ்திரியச் சிப்பாய் எழுந்து நிற்க வேண்டியிருக்க, படுத்தபடியே பின்புறம் குண்டு போடும் ஊசித் துப்பாக்கி பிரஷ்யச் சிப்பாயின் கையில் இருந்தது; அதன் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 'நாகோட் சிங்கம்' என்ற பட்டம் மட்டும் இவருக்கே போயிற்று.

1870இல் பிரான்சோடு போர் மூண்டபோது முதல் சேனை முழுவதும் இவர் கையில். வலப்புறம் நில் என்பது பிரஷ்யப் படைத் தலைமையகத் தளபதி மோல்ட்கெயின் திட்டம். இவரோ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, இரண்டாம் சேனைக்கு ஒதுக்கிய சாலையில் தம் படையை நுழைத்தார். ஆகஸ்ட் 6இல் ஸ்பிஷெரனில் வெற்றி கிட்டியதால் அது பெரிதாகவில்லை. ஆகஸ்ட் 18இல் கிராவெலோட்டில் அப்படித் தப்ப முடியவில்லை. ஊருக்குக் கிழக்கே மான்ஸ் ஓடையைக் கடக்கும் அந்தச் சாலையை நீ பார்த்திருப்பாய். இருபுறமும் காடு, எதிர்மேட்டில் பிரெஞ்சுத் துப்பாக்கிகள். காலாட்படை ஏற முடியாமல் திணறிய அந்த இடுக்குக்குள் பீரங்கிகளையும் குதிரைப்படையையும் அடுத்தடுத்து அனுப்பினார். மாலையில் அரசர் வில்ஹெல்ம் கண்ணெதிரிலேயே அந்தப் படைக்கூட்டம் சிதறி ஓடிவந்தது. அன்றைய ஜெர்மானியச் சேதம் சுமார் 20,000 பேர்; முடிவைத் தீர்மானித்ததோ போர்க்களத்தின் வடகோடியில் ஜெர்மானியரிடம் விழுந்த சேன்-ப்ரிவா என்ற ஊர்.

முதுமையால் புத்தி மழுங்கியது என்போரை நான் ஏற்பதில்லை. குணம் அதேதான். நாகோடில் சாலை இவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1870இல் அருகிலேயே இன்னொரு சேனை நகர்ந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் போர்முனையிலிருந்து விலக்கி போசனுக்கு ஆளுநராக அனுப்பினார்கள். ஆனாலும் 1871இல் ஃபீல்ட் மார்ஷல் பதவி வந்தது. அரசர் 1866ஐ மறக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. 1877இல் லான்டெக்கில் காலமானார்.

அன்புடன்,
அம்மா