பழைய சத்தம் தானாக வராது

ஜெர்சி சிட்டி,
ஜூன் 2024

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ராக் பாடகர் லென்னி கிராவிட்ஸின் ‘ப்ளூ எலெக்ட்ரிக் லைட்’ ஆல்பத்துக்கு வந்த விமர்சனத்தைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இந்த மனிதருக்கு அரைப் பக்கம் கிடைத்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் ‘அதே பழகிய பாணி’ என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வருகிறது. பாணி பழகியதுதான், அதை யார் மறுத்தார்கள்? ஏதோ சோம்பலில் பழையதையே சுடவைத்துப் பரிமாறியது போல எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது.

நான் இருபது வருடமாக கிடார் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன். பெரும்பாலும் வால்வ் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) போட்ட பழைய பெட்டிகள். போன மாதம் ஒருவர் 1970களில் செய்த பெட்டி ஒன்றை மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டதுமே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். “இந்த முனகலை எடுத்துவிடுங்கள், அந்தக் கரகரப்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள்” என்றார். சொல்வது சுலபம். முனகல் பவர் சப்ளையில் உலர்ந்துபோன கெப்பாசிட்டரால் வருவது. மாற்றியே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கும், அசந்து கை வைத்தால் அவ்வளவுதான். கரகரப்பு பிறக்கும் இடமே வேறு. வால்வ் தாங்குவதற்கு மேல் அதனிடம் சத்தம் கேட்டால் அலையின் உச்சி மழுங்கும். வெட்டியது போல இல்லாமல் மெல்ல மெல்ல மழுங்குவதால் காதைக் குத்தாமல் இழைகிறது. ஒன்றை எடுக்கப்போய் மற்றது போய்விடாமல் பார்த்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர் கிடாரைச் சொருகிக் கம்பிகளை ஒரு தட்டு தட்டிவிட்டு, “ஒன்றுமே மாறவில்லையே!” என்று சிரித்தார். என் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. உங்கள் விமர்சனத்தில் அதே பொருள் வசவாக வந்திருக்கிறது.

என் வீட்டுக்குப் பக்கத்து ஊர் ஹோபோகன். அங்கே வாட்டர்ஃப்ரன்ட் என்ற ஸ்டூடியோவில்தான் கிராவிட்ஸின் முதல் ஆல்பமான ‘லெட் லவ் ரூல்’ பதிவானது. ஹென்றி ஹிர்ஷ் என்ற என்ஜினியர் கூட இருந்தார். அது வெளிவந்த 1989ஐ நினைத்துப் பாருங்கள். ரேடியோவைத் திருகினால் சின்தசைசரும் குகைக்குள் அடித்தது போல எதிரொலிக்கும் டிரம்ஸும்தான். அந்த நேரத்தில் இவர்கள் பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து, டேப்பில், டிரம்ஸை எதிரொலி இல்லாமல் வறட்டுச் சத்தமாகவே பதிந்தார்கள். டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் பெரும்பாலும் கிராவிட்ஸ் ஒருவரே வாசித்தது. அன்றைக்கும் ஹென்ட்ரிக்ஸ் மாதிரி, பீட்டில்ஸ் மாதிரி, பிரின்ஸ் மாதிரி என்று விமர்சகர்கள் பட்டியல் போட்டார்கள். ஆக, ‘பழைய பாணி’ என்ற புகாருக்கே 35 வயதாகிறது!

அதற்கும் முன்னால் ரோமியோ ப்ளூ என்ற பெயரில் அவர் இசைத்தட்டுக் கம்பெனி ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறார். கறுப்பினப் பாடகர் பாட்டு மாதிரியும் இல்லை, வெள்ளையர் ராக் மாதிரியும் இல்லை என்று திருப்பி அனுப்பியதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விமர்சனத்தில் ‘இரவல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ராக்கின் கறுப்பின முன்னோடிகளான சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் போட்ட பாதையில் நடக்கும் ஒரு கறுப்பின இளைஞன், ராக்கை யாரிடம் இரவல் வாங்கினான்? எனக்குப் புரியவில்லை.

அப்புறம், இந்த ஆல்பம் ‘1970களின் நகல்’ என்பது காதால் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. இதில் பாதிக்கு மேல் 1980களின் வாசனை. சில பாட்டுகளில் டிரம் மெஷினும் சின்தசைசரும்தான் முன்னால் நிற்கின்றன. 1980இல் வந்த லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைப் பிரின்ஸ் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார்; அந்தச் சத்தத்தின் சாயல் இங்கே கேட்கிறது. பள்ளி நாட்களில் போடாமல் விட்ட ஆல்பம் இது என்கிற பொருளில் கிராவிட்ஸே பேசியிருக்கிறார். 1989இல் எந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டினாரோ, அதற்கே அறுபது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது திரும்பி வந்திருக்கிறார். நம்மவராக இருந்தால் சஷ்டியப்தபூர்த்திக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும் நேரம். தோல் பேன்ட்டோடு அவர் எடை தூக்கிய வீடியோவுக்கு ஒரு பத்தி ஒதுக்கியவர், இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

எனக்கும் குறை இருக்கிறது. பாட்டின் வரிகள். முதல் ஆல்பத்தின் பெயரிலேயே வந்த ‘லவ்’ இன்னும் இறங்கியபாடில்லை. “அப்பா, இவருக்கு வேற வார்த்தையே தெரியாதா?” என்று என் மகள் காரில் கேட்டாள், பதில் சொல்லாமல் வால்யூமைக் கூட்டினேன். தோடி ராகத்தையே ஆயுள் முழுக்க வாசித்த நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையைப் பழகிய பாணி என்று யாராவது குறை சொன்னார்களா என்று முதலில் எழுதி, அப்புறம் அடித்துவிட்டேன். அங்கே ஒவ்வொரு இரவும் வேறு தோடி. இங்கே கிடார் சோலோ அப்படி வளர்வதில்லை, சொன்னதைச் சுத்தமாகச் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. விமர்சகர் இதைப் பிடித்திருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

கடைசியாக ஒரு திருத்தம், இடம் இருந்தால் போடுங்கள். ‘கிடார் முழுக்க அவரே’ என்று படத்தின் கீழே அச்சாகியிருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து அவர் பக்கத்தில் நிற்கும் கிரெய்க் ராஸ் இந்த ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார். 1993இல் வந்த ‘ஆர் யூ கானா கோ மை வே’ பாட்டை கிராவிட்ஸோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். உங்கள் படத்திலேயே இடது ஓரத்தில், சுருட்டை முடியோடு பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாரே, அவர்தான்.

இப்படிக்கு,
ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் ஒரு வாசகன்