மெக்பெத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் 'பேராசை பெருநஷ்டம்' என்று முடித்துவிட்டாரே, அதுதான் உறுத்துகிறது. அந்தப் பழமொழி சீட்டுக் கம்பெனியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவனுக்குச் சரி. நஷ்டம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. அரியணைக்காகத் தன் மன்னரையே கொல்லும் தளபதி மெக்பெத்துக்குத் தெரியும்.

முதல் அங்கம், ஏழாம் காட்சி. உள்ளே டங்கன் மன்னருக்கு விருந்து நடக்கிறது. மெக்பெத் மட்டும் எழுந்து வந்து தனியாக நின்று கணக்குப் போடுகிறான். அவர் என் உறவுக்காரர், என் அரசர், இன்றைக்கு என் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவனே கத்தியை எடுப்பதா? போதாததற்கு அவர் நல்ல மனிதர் வேறு. நாம் கற்றுக்கொடுக்கும் கொலைப் பாடம் நாளை நம் தலையிலேயே விடியும் என்பதும் அவன் வாயிலிருந்தே வருகிறது. வேண்டாம் என்பதற்கு இத்தனை. வேண்டும் என்பதற்கு ஒன்றே ஒன்று, ஆசை. அதையும் எப்படிச் சொல்கிறான் பாருங்கள்: குதிரையில் ஏறுகிறேன் என்று எகிறிக் குதித்து, சேணத்தில் உட்காராமல் அந்தப் பக்கம் போய் விழுகிறவனைப் போல என்கிறான். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் போய்க் கொல்கிறான். பல வருடம் இந்த நாடகத்தைப் பாடம் நடத்தியவன் நான். இந்த இடம் வரும்போது வகுப்பு தானாக அடங்கிவிடும்.

துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் சொன்ன 'ஹமார்ட்டியா'வைக் கட்டுரையாளர் 'குணக்கேடு' என்று தமிழாக்கியிருக்கிறார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் குறி தவறுவது என்றுதான் அடிப்படைப் பொருள். தந்தை என்று அறியாமல் கொன்ற கிரேக்க நாடக நாயகன் ஈடிபஸுக்கு அது அப்படியே பொருந்தும். மெக்பெத்தின் குறி எங்கே தவறியது? கிரீடத்தைக் குறிவைத்தான், கிடைத்தது. தூக்கம்தான் போயிற்று.

அப்புறம், சூனியக்காரிகள் மீதும் மனைவி மீதும் பாதிப் பழியை இறக்கிவைப்பது. 'அரசனாவாய்' என்றார்களே தவிர, கொல் என்று அந்தக் கிழவிகள் சொல்லவில்லை. சக தளபதி பாங்கோவும் பக்கத்தில்தான் நின்றான். அவனுடைய சந்ததி அரசாளும் என்று அவனுக்கும் குறி சொன்னார்கள். ஆசை அவனையும் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் அந்தக் கெட்ட நினைப்பை அடக்கித் தரும்படி தெய்வத்தை வேண்டிக்கொள்கிறான். மனைவி 'கோழை' என்று குத்திக்காட்டியதால்தான் துணிந்தான் என்பார்கள். சரி, அவளுக்குக் கடிதம் எழுதி ஆசையை மூட்டியது யார்? பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொன்னானா?

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையில் இது 'உண்மைக் கதை' என்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் நிஜ மெக்பெத் 1040இல் டங்கனைப் போரில் வீழ்த்தி, 17 ஆண்டுகள் ஆண்டவர். நடுவே 1050இல் ரோமுக்குப் புனித யாத்திரை போய், ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்துவிட்டு வந்தார். படுக்கையில் கிடந்த கிழவரைக் குத்திய பழியை அந்த மனிதர் நானூறு வருடமாகச் சுமக்கிறார், பாவம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தென்காசி