டெக்ஸஸ் பள்ளிக்கூடக் கணக்கு

அன்புள்ள முருகேசா,

கட்சி சொல்வதை மீறி ஒரு எம்.எல்.ஏ. பள்ளிக்கூடத்துக்காக ஓட்டுப் போட முடியுமா என்று கேட்டிருந்தாய். டெக்ஸஸில் முடியும். கட்சித் தாவல் சட்டம் இங்கே இல்லை, பதவி போகாது. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வரும்போதுதான் அடி விழும்.

கேரி வான்டேவரையே எடுத்துக்கொள். குடியரசுக் கட்சிக்காரர், வடகிழக்கு மூலையில் நியூ பாஸ்டனில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்துக்காக ஆளுநர் கிரெக் அபட் மல்லுக்கட்டினார். 2023 நவம்பரில் கீழவை அதை 84–63 என்று வெட்டியெறிந்தது. அபட்டின் கட்சியிலிருந்தே 21 பேர் அதற்குத் துணை. வான்டேவரும் அதில் ஒருவர். 2024இல் அவர்களில் பலர் கட்சித் தேர்தலில் தோற்றார்கள். இவர் இரண்டாம் சுற்றில் தப்பினார்.

ஆனால் அதே மசோதாவில்தான் பள்ளி நிதி உயர்வையும் கட்டி வைத்திருந்தார்கள். மாணவர் ஒருவருக்கு அரசு தரும் அடிப்படைத் தொகை 2019இலிருந்து 6,160 டாலராகவே இருந்தது. அதை 6,700 ஆக்குவதாக இருந்தது. வவுச்சர் போனதும் மசோதாவைக் குழுவுக்கே திருப்பிவிட்டார்கள், உயர்வும் அங்கேயே செத்தது. தெரிந்தே போட்ட முடிச்சு என்றுதான் சொல்வேன்.

வவுச்சரைக் கண்டு கிராமத்து உறுப்பினர்கள் ஏன் இவ்வளவு பயந்தார்கள் தெரியுமா? இங்கே பணம் சேர்க்கைக்கு அல்ல, வருகைக்கு. நூறு பேர் பதிந்து சராசரியாக 92 பேர் வந்தால் 92 பேருக்குத்தான் பணம். ஒரு சின்னப் பள்ளியிலிருந்து தவறாமல் வரும் 20 பிள்ளைகள் போனால் அன்றைய அடிப்படைத் தொகையிலேயே 1,23,200 டாலர் போச்சு. ஏறக்குறைய இரண்டு ஆசிரியர் சம்பளம். ஆனால் வகுப்புக்கு ஒருவர் இருவராகத்தானே போவார்கள்? எந்த வகுப்பையும் மூட முடியாது. பேருந்தும் அதே தடத்தில் ஓடியாக வேண்டும்.

2025இல் வவுச்சர் நிறைவேறிவிட்டது. குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர்: வான்டேவர், முன்னாள் சபாநாயகர் டேட் ஃபெலன். கூடவே 850 கோடி டாலர் பள்ளி நிதிச் சட்டமும் வந்தது. 5,000 மாணவர் வரை உள்ள பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு 4,000 டாலர் சம்பள உயர்வு, அதற்கு மேல் அனுபவம் இருந்தால் 8,000. பெரிய மாவட்டங்களில் 2,500, 5,000. நல்ல உயர்வுதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுக்காரர்களுக்கு அதில் பங்கில்லை. மாவட்டம் அந்தப் பணத்தில் டீசல் போடவும் முடியாது. பெரும்பாலும் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய அடிப்படைத் தொகை எவ்வளவு ஏறியது? 55 டாலர்.

ஆசிரியர்களுக்கு ஆதரவு என்று எந்த உறுப்பினர் சொன்னாலும் நான் முதலில் தேடுவது அந்தத் தொகையைத்தான். அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில், 140 நாள். உங்கள் சங்கத்தில் யாருக்காவது மசோதா விவரம் வேண்டுமென்றால் எழுது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்